தண்மையும் வெம்மையும் மறதியும்

பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் பயிலும் என் பழைய மாணவர் ஒருவர், விஞ்ஞான மன்றத்து மலருக்கென எழுதிய கட்டுரையொன்றை அண்மையில் என்னிடம் கொண்டுவந்தார். "பொருளை நான் பார்த்துக்கொள்ளுறன் ஐயா, தமிழை மட்டும் ஒருக்காப் பாருங்கோ" என்று கூறித் தாள்களை மேசைமேல் வைத்துச் சென்றார். பொருளைப் பாராது தமிழை மட்டும் பார்ப்பது எவ்வாறென்பதை எனக்கு ஆசிரியர் எவரும் கற்பிக்கவில்லை. சந்திப்பிழைகள் ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்தன. தாள்களோ இரண்டு கிழமை என்னுடனேயே தங்கிவிட்டன.

அக்கட்டுரை ஜெனீவா நகருக்கு அருகேயுள்ள ஒரு சுரங்கத்தைப் பற்றியது. 1954 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பன்னிரண்டு கூடி அமைத்த அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தை 'சேர்ன்' என வழங்குவர். சுவிற்சர்லாந்தும் பிரான்சும் எல்லை பகிரும் அவ்விடத்தில், நிலத்தின் கீழே ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவில் வட்டமாகச் செல்கிறது அச்சுரங்கம். அதனுள்ளே புரோத்தன்களை எதிரெதிர்த் திசைகளில் ஓட்டி மோதவிடுகின்றனர். ஒரு புரோத்தன் ஒரு செக்கனில் அவ்வட்டத்தை 11,000 தடவைக்கு மேற் சுற்றிவருமாம். புரோத்தன், இலத்திரன், போசன் என்று 'அன்' ஈற்றில் முடியும் இப்பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் உயர்திணை ஆண்பால் என்று மயங்குவது தமிழாசிரியருக்கு இயல்பு. ஆயினும் போசன் என்னும் பெயரில் ஓர் ஆண்மகன் உண்மையாகவே இருக்கிறார். வங்காளத்துச் சத்தியேந்திரநாத போசின் பெயரால் அமைந்த சொல் அது.

மாணவர் தம் கட்டுரையை இரு கூறாக்கியிருந்தார்; ஒன்று தண்மை, மற்றொன்று வெம்மை. தண்மையிலிருந்து தொடங்குவோம்.

ஒல்லாந்து தேசத்து லைடன் நகரிற் கமர்லிங் ஒன்னெஸ் என்னும் பேராசிரியர் 1908 யூலை 10 ஆம் நாள் ஈலியம் என்னும் வாயுவை முதன்முதலில் திரவமாக்கினார். அதற்குத் தனியொருவர் அறிவு போதாதென்பதை அவர் அறிந்திருந்தார். கண்ணாடி ஊதவும் கருவி கடையவும் வல்ல இளைஞரைப் பயிற்றுதற்கென 1901 இலேயே ஒரு தொழிற் பள்ளியை நிறுவியிருந்தார். ஏனைய ஆய்வுகூடங்கள் தனியறைகளாக இருந்த காலத்தில் அவருடையது ஒரு தொழிற்சாலைபோல் இயங்கிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1911 ஏப்பிரலில், இரசத்தை அத்திரவ ஈலியத்தாற் குளிர்வித்தபோது, தனிப்பூச்சியத்திலிருந்து நான்கு பாகைக்குச் சற்று மேலே, அதன் மின்தடை சடுதியாக மறைந்தது. குறைந்தது என்றல்ல, மறைந்தது என்றே கொள்ளல் வேண்டும். இவ்வியல்புடைய பொருளையே இன்று மீகடத்தி என்கிறோம். மீகடத்திக் கம்பியைச் சுற்றி வலிய காந்தம் செய்யலாமென்று ஒன்னெஸ் கனவு கண்டார். ஆனால் அவர் கையாண்ட ஈயமும் வெள்ளீயமும் சிறிதளவு காந்தப்புலம் பட்டதுமே அவ்வியல்பை இழந்தன. ஏற்ற உலோகக் கலவைகள் வாய்த்து அக்கனவு பலித்தது 1960 களிலேதான்.

ஜெனீவாச் சுரங்கத்தின் காந்தங்கள் அக்கனவின் பேரப்பிள்ளைகள். புரோத்தன்களின் பாதையை வளைப்பதற்கு 15 மீற்றர் நீளமான காந்தங்கள் 1,232 உள. நியோபியமும் தைத்தேனியமும் கலந்த நுண்ணிழைகளைச் செம்பிற் பொதித்துச் செய்த வடங்களில் முழுவலுவின்போது பன்னீராயிரம் அம்பியருக்குச் சற்றுக் குறைந்த மின்னோட்டம் பாய்கிறது. தடையுள்ள சாதாரணக் காந்தங்களைக் கொண்டு இதே வலுவைப் பெறுவதாயின் சுரங்கம் 120 கிலோமீற்றர் சுற்றளவு வேண்டுமாம். இக்காந்தங்கள் 1.9 கெல்வினில், அதாவது நீர் உறையும் நிலைக்குக் கீழே 271 பாகையில், திரவ ஈலியத்துள் அமிழ்ந்து கிடக்கின்றன. அண்டவெளியின் குளிரே 2.7 கெல்வின். அவ்வளவு தாழ்ந்த நிலையில் ஈலியம் மீபாய்மமாகிவிடும். அதற்குப் பாகுநிலை இல்லை. மயிரிழைத் துவாரத்தினுள்ளும் புகும். வெப்பத்தை எடுத்துச் செல்வதில் உலோகங்களையும் வெல்லும். இதனை 1938 இல் மொஸ்கோவிற் கப்பிட்சாவும் கேம்பிரிச்சில் அலன், மைசனர் என்பாரும் வெவ்வேறாகக் கண்டு வெளியிட்டனர்.

வெம்மையைச் சுருங்கச் சொல்வேன். ஆண்டில் ஒருசில கிழமைகள் புரோத்தன்களுக்குப் பதிலாக ஈயக் கருக்களை மோதவிடுவர். மோதுமிடத்தில், அணுக்கருவளவேயான இடத்தில், ஐந்து இலட்சம் கோடி பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலை தோன்றி மறைவதாக 2012 இல் அறிவித்தனர். அது சூரியனது நடுவண் வெப்பநிலையின் இலட்சம் மடங்கையும் கடந்தது. அவ்விடத்திலிருந்து இருபத்துச் சொச்ச மீற்றர் தள்ளி அண்டவெளியினுங் குளிர்ந்த காந்தம் கிடக்கிறது! அவ்வாண்டு யூலை 4 ஆம் நாள் ஹிக்ஸ் போசனைக் கண்டதாக உலகறியச் செய்தனர். அடுத்த ஆண்டில் ஹிக்ஸுக்கும் எங்லேயருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இவையெல்லாம் செய்தித்தாள்களிற் பலகாலும் வந்தவை.

மாணவர் இரண்டே வரியில் கடந்து சென்ற ஒரு விபத்திலேதான் நான் நின்றுவிட்டேன்.

2008 செத்தெம்பர் 10 ஆம் நாள் முதன்முறையாகப் புரோத்தன் கற்றை முழுவட்டமும் சுற்றிவந்தது. உலகமே கைகொட்டியது. ஒன்பது நாட்கள் கழித்து, ஒரு பகுதிக் காந்தங்களுக்கு மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றிச் சோதித்துக்கொண்டிருக்கையில், 8,700 அம்பியர் அளவில் இரு காந்தங்களை இணைக்கும் ஒரு பொருத்து தன் மீகடத்தும் இயல்பை இழந்தது. அங்கே மின்பொறி எழுந்து ஈலியக் கலத்தைத் துளைத்தது. தொன்கணக்கான ஈலியம் ஒருங்கே வாயுவாகிப் பீறிட, முப்பது தொன் நிறையுள்ள காந்தங்கள் தம் தாங்கிகளை விட்டுப் பெயர்ந்தன. புரோத்தன் செல்லும் குழாயிற் கரி படிந்தது. ஐம்பத்துமூன்று காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2009 நவம்பர் வரை இயந்திரம் ஓடவில்லை.

பின்னர் ஆராய்ந்தவர்கள் பழைய பதிவுகளைப் புரட்டினர். சுரங்கம் முழுவதும் வெப்பமானிகள் இடைவிடாது எழுதிக்கொண்டிருக்கும் கணினிப் பதிவுகள் அவை. விபத்துக்குச் சில நாட்களின் முன்னே, 7,000 அம்பியர் ஓடியபோது, அதேயிடத்தில் ஈலியம் ஒரு பாகையின் நூறிற் சில பங்கு சூடேறியிருந்தது தெரியவந்தது. கணக்கிட்டபோது, இருக்கக்கூடாத ஏறக்குறைய பத்து உவாற்று வெப்பம் அவ்விடத்தில் உண்டாகியிருந்ததென்று விடை வந்தது. பத்து உவாற்று என்பது ஒரு சிறு மின்குமிழின் அளவு. அந்தப் பொருத்துத் தன் நோயை முன்னரே சொல்லியிருக்கிறது. கருவி அதனைக் கேட்டு எழுதியும் வைத்திருக்கிறது. படிக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

எழுதிவைத்தது வேறு, அறிந்தது வேறு. ஏட்டுச்சுவடி அடுக்கிய பெட்டகத்தைப் பூட்டி அதன்மேல் அமர்ந்திருந்தவர்களின் வழிவந்த எமக்கு இது புதிதன்று. அவர்கள் செய்த திருத்தம் மெச்சத்தக்கது. எவரேனும் புரட்டிப் பார்ப்பார் என்று காத்திராமல், ஒவ்வொரு பொருத்தின் தடையையும் தானே ஓயாது அளந்து, எல்லை மீறினால் மின்னோட்டத்தை நிறுத்தும் புதிய காவலமைப்பை நிறுவினர். 2013 இலும் அதனையடுத்த ஆண்டிலும் ஆயிரக்கணக்கான பொருத்துக்களைத் திறந்து பார்த்து வலுப்படுத்தினர்.

இவ்விடத்திற் பத்தொன்பது ஆண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். ஏனெனில், இந்நோயை இயந்திரம் பிறக்குமுன்பே ஒருவர் நாடிபிடித்துப் பார்த்திருந்தார். அவர் பௌதிகர் அல்லர். 1989 மார்ச்சில், சேர்னிற் பணிபுரிந்த ரிம் பேர்னேர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயக் கணினியாளர் தம் மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பொருட்பெயர் 'தகவல் முகாமைத்துவம்' என்பதே. இதைவிடச் சுவையற்ற தலைப்பைக் கந்தோர்க் கோப்புகளிலும் காண்பதரிது. ஆனால் உள்ளே அவர் சொல்லும் குறை மனத்தைத் தைக்கிறது. இங்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாண்டு தங்கிச் சென்றுவிடுகிறார்கள். அவர்களுடன் அவர்கள் அறிந்ததும் போய்விடுகிறது. புதிதாய் வந்தவர் எதனை யாரிடம் கேட்பதென்று அறியாது திகைக்கிறார். எழுதிவைத்தது எங்கோ இருக்கும், ஆனால் அகப்படாது. வரப்போகும் பெரிய மோதுகருவியின் காலத்தில் இத்துணைப் பெரிய வேலையை எப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்வது என்று எல்லாருங் கேட்கிறார்களே, அதற்கு விடையாகவே இவ்விண்ணப்பம் என்பது அவர் கூற்றின் சாரம்.

அவர் காட்டிய வழி இது. அறிவை மரம்போலக் கிளைகிளையாக வகுத்துவைத்தால், ஒரு பொருள் ஒரு கிளையிலேதான் இருக்க முடியும். உண்மையில் ஒரு கருவி பலர் கையிலும் ஒரு மனிதர் பல பணியிலும் தொடர்புறுவர். ஆதலால் மரம் ஆகாது, வலைதான் வேண்டும். எந்த ஏட்டிலிருந்தும் எந்த ஏட்டிற்கும் ஒரு சுட்டுக் கொடுத்தாற் போதும்.

இதைப் படித்தபோது எனக்கு நன்னூலாரின் முப்பத்திரண்டு உத்திகளுள் 'மாட்டெறிந்தொழுகல்' நினைவுக்கு வந்தது. ஓரிடத்திற் கூறிய இலக்கணத்தை, ஏற்கும் மற்றோரிடத்தில் மீண்டும் விரிக்காது, அதனோடு மாட்டிவிடும் உத்தி அது. உரையாசிரியர்கள் இம்மாட்டுக்களாலேயே நூல் முழுவதையும் ஒரே நெசவாக்கினார்கள். கணினித்துறைத் தமிழில் 'இணைப்பு' என்று வழங்குகிறார்கள்; 'மாட்டு' என்றால் யார் தடுப்பார்? (மாணவர் தடுத்தார். மாணவிகள் சிரிப்பார்களாம்.)

மேலாளர் விண்ணப்பத்தின் தலைப்பிலே, தெளிவில்லை, ஆயினும் மனத்தைக் கிளர்த்துகிறது என்னும் கருத்தில் ஒரு குறிப்பெழுதினார். மறுக்கவுமில்லை, பணம் ஒதுக்கவுமில்லை. 1990 இறுதிக்குள் பேர்னேர்ஸ் லீயின் மேசைக் கணினியில் உலகின் முதல் வலைத்தளம் இயங்கிற்று. நிறுத்திவிடாதீர் என்று செம்மையினாலெழுதிய ஒரு சீட்டு அதன்மேல் ஒட்டியிருந்ததாம். பெரும் பௌதிகர்களை அதன்பால் ஈர்த்தது பேரறிவுக் களஞ்சியமன்று. நிலையத்தின் தொலைபேசி விவரக்கொத்துத்தான். ஒருவருடைய இலக்கத்தைத் தேடுவதற்காக வலைக்குள் வந்தவர்கள் வலைக்குள்ளேயே தங்கிவிட்டனர். அலுவலகங்களிற் புதியமுறை புகுத்த விழைவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

1993 ஏப்பிரல் 30 ஆம் நாள் சேர்ன் அதனை எவரும் விலையின்றிக் கையாளலாமென எழுதிக் கொடுத்தது. அக்காலத்தில் 'கோபர்' என்னும் மற்றொரு முறை செல்வாக்குடன் இருந்தது. அதனை உடைய அமெரிக்கப் பல்கலைக்கழகம் கட்டணம் கேட்கத் தொடங்கவே பலர் அகன்றனர். ஒன்று வாடியதும் மற்றொன்று தழைத்ததும் யாவரும் கண்டதே.

ஆனால் மறதி அவ்வளவு எளிதில் விட்டுவிடுமா? பேர்னேர்ஸ் லீ 1980 இலேயே தம் நினைவுக்குத் துணையாக இதுபோன்ற ஒரு சிறு கணினிநிரலை அங்கு எழுதியிருந்தார். ஆறுமாத வேலை முடிந்து போகையில் அதன் தட்டைக் கொடுத்துச் சென்றார், அது தொலைந்தது. முதல் வலைப்பக்கமும் திருத்தத் திருத்த மேலெழுதப்பட்டு மறைந்தது. 2013 இல் அதனைப் பழைய முகவரியிலேயே மீளவைக்க முயன்றபோது சேர்னின் கையிலிருந்த மிகப் பழைய படி 1992 ஆம் ஆண்டினது.

கட்டுரையில் மூன்றாங்கூறாக மறதியைச் சேர்க்கும்படி எழுதித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவந்தவர் என் மேசையிற் கிடந்த நன்னூற் காண்டிகையுரைப் பிரதியை எடுத்துப் புரட்டினார். அது எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியருடையது. பக்க ஓரங்களில் அவருடைய பொடியெழுத்தில் 'கு. ஏ. 4, பக். 17', 'கு. ஏ. 2, பக். 40' என்று நூற்றுக்கு மேற்பட்ட குறிப்புகள் உள.

"கு. ஏ. எண்டா என்ன ஐயா?"

"குறிப்பேடு. ஐந்து வைத்திருந்தவர். தொண்ணூற்றைந்து இடப்பெயர்விலே வீட்டிலே விட்டுப் போனோம். திரும்பிவந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை."

அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தம் கைத்தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடிக்கத் தொடங்கினார். மாட்டுக்கள் மட்டும் இருந்து மாட்டப்படும் பொருள் இல்லாதபோது இதனாற் பயனென்னவென்று கேட்டேன்.

"அவரிட்டைப் படிச்ச வேறை ஆரும் இருக்கினமோ ஐயா? பாடம் சொல்லேக்கை எழுதினவை?"

இருவர் இருக்கிறார்கள். ஒருவர் மட்டக்களப்பில், மற்றவர் கனடாவில். இருவருக்கும் எண்பது கடந்துவிட்டது. பெயர்களைச் சொன்னேன், குறித்துக்கொண்டார். தேநீர் ஆறிப்போகப் போகப் படம்பிடித்துக்கொண்டேயிருந்தார்.