மூச்சுப் பயிற்சிக் கருவிகள்: எது யாருக்கு?

மூன்று பிளாஸ்டிக் குழல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப் பந்து. கோவிட் காலத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்த இந்தக் கருவி இன்று மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. வாய்க்குழாய் வழியே மூச்சை இழுத்தால் பந்துகள் எழும். பரவலாக விற்கும் வகையில், முதல் பந்து எழ விநாடிக்கு 600 மில்லிலிட்டர் வேகமும், மூன்றும் எழ 1,200 மில்லிலிட்டர் வேகமும் தேவை.

அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவோரை ஆழமாக இழுக்கவைக்கவே இது வந்தது. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் சிக்கல் வேறு.

பல்லாண்டு பீடி, சிகரெட் புகையோ விறகடுப்புப் புகையோ மூச்சுக்குழல்களைக் குறுக்கிவிடுகிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தேங்கி, நுரையீரலை உப்பவைக்கிறது. அதன் அடியில் குடைபோல் கவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகி, இழுக்கும் வலுவை இழக்கிறது. நாலு படி ஏறினாலே மூச்சிரைக்கிறது.

உதரவிதானத் தசைக்கு வலுவூட்டும் கருவியில் ஸ்பிரிங் வால்வு ஒன்று உண்டு. போதிய விசையோடு இழுத்தால்தான் அது திறக்கும். நோயாளி எவ்வளவு அழுத்தத்தில் இழுக்கிறார் என்று முதலில் அளந்து, பெரும்பாலும் அதில் 30 விழுக்காடு அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுவார்கள்.

சளி கட்டுவோருக்கு வேறு கருவி. சுவிட்சர்லாந்தில் உருவான ‘ஃப்ளட்டர்’ புகைபிடிக்கும் பைப் போலிருக்கும்; உள்ளே ஓர் எஃகுக் குண்டு. ஊதும்போது குண்டு எழுந்து விழுந்து துடிக்கிறது. அந்த அதிர்வு மூச்சுக்குழல்களுக்குள் பரவிச் சளியைத் தளர்த்துகிறது. பிறகு இருமி வெளியேற்றலாம். குண்டு சாய்வை நம்பி இயங்குவதால் நிமிர்ந்து உட்கார்ந்தே ஊத வேண்டும். காந்தமும் நெம்புகோலும் கொண்ட ‘அக்கபெல்லா’வைப் படுத்தபடியும் ஊதலாம்.

கருவி மட்டும் போதுமா? ஜெர்மனியில் மூன்று வார மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்த சுமார் 600 சிஓபிடி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. தசைப் பயிற்சிக் கருவியையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களுக்கு இழுக்கும் வலு கூடியது. நடக்கும் தூரமோ மற்றவர்களைவிடக் கூடவில்லை.

மறுவாழ்வுச் சிகிச்சையின் முதுகெலும்பு நடைப்பயிற்சியும் கைகால் தசைப் பயிற்சியும்தான். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளிவிடும் முறைக்குக் காசே தேவையில்லை. இருமலில் ரத்தம் வந்தவர்களும், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த அனுபவம் உள்ளவர்களும் தாமாக எந்தக் கருவியையும் பயன்படுத்தக் கூடாது. கருவி வாங்குமுன் நுரையீரல் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். உங்களுக்குத் தேவை வலுவா, சளி நீக்கமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.