கயிற்றின் மறுமுனையில் ஆபத்து

எஞ்சின் இல்லாத கிளைடர் எவ்வாறு வானில் ஏறுகிறது? சிறிய விமானம் ஒன்று, ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள கயிற்றால் அதை இழுத்துச் செல்கிறது. போதிய உயரம் வந்ததும் கிளைடர் விமானி கயிற்றை விடுவித்துப் பிரிந்துவிடுவார். எளிய செயலாகவே தோன்றும். ஆனால் முன்னே செல்லும் இழுவை விமானிக்கு இதில் உயிராபத்து ஒன்று உண்டு.

கிளைடர் விமானியின் கவனம் கணநேரம் தவறினாலும், கிளைடர் காற்றாடிபோல் விர்ரென்று மேலெழும்பிவிடலாம். அப்போது கயிறு, இழுவை விமானத்தின் வாலை மேல்நோக்கி இழுக்கும். கதவைக் கீலின் அருகே தள்ளுவதைவிட ஓரத்தில் தள்ளுவது எளிதல்லவா? விசையையும் தொலைவையும் பெருக்கினால் கிடைப்பதே திருப்புத்திறன். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 5 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். அங்கு 200 கிலோ எடைக்குச் சமமான விசை மேல்நோக்கி இழுத்தால் திருப்புத்திறன் 1,000 கிலோ-மீட்டர்! விமானி கட்டுப்பாட்டுக் கோலை முழுவதும் பின்னுக்கு இழுத்தாலும் பயனிராது. மூக்கு கவிழ்ந்து விமானம் தரையை நோக்கிப் பாயும். எல்லாம் ஓரிரு விநாடிகளில் நிகழ்ந்துவிடும். தாழ்வான உயரத்தில் மீண்டெழ இடமே இராது.

கயிற்றை உடனே விடுவிக்கலாமே என்பீர்கள். சிலவகைக் கொக்கிகளில், கயிறு மேல்நோக்கி இழுக்கப்படும்போது கொக்கியும் அதைப் பூட்டியுள்ள கரமும் ஒன்றையொன்று பலமாக அழுத்துகின்றன. அழுத்தும் விசை கூடினால் உராய்வும் கூடும் என்பது நாம் படித்ததே. தரையில் எளிதாக இயங்கிய கைப்பிடி வானில் அசைய மறுக்கும்.

மின்சுற்றில் ஃபியூஸ் வைப்பதுபோல், கயிற்றிலும் வலிமை குறைந்த இணைப்பு ஒன்றை வைக்கலாம். அமெரிக்க விதிப்படி, கயிறோ இணைப்போ அறுவதற்கான விசை, கிளைடரின் அனுமதிக்கப்பட்ட உச்ச எடையில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருமடங்குக்கு மிகாமலும் இருக்கவேண்டும். 450 கிலோ கிளைடருக்கு இது 360 முதல் 900 கிலோ வரை. அது அறுவதற்கு முன்பே வால் தூக்கப்பட்டுவிடக்கூடும் என்பதைக் கவனியுங்கள்!

ஆகவே, கருவியைவிடப் பயிற்சியே முதற்காவல். அந்நாட்டில் இழுவை விமானி தலைமை விமானியாகக் குறைந்தது 100 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். தகுதி பெற்றவர் உடனிருக்க மூன்று முறையேனும் இழுவைப் பறப்பையோ அதன் ஒத்திகையையோ செய்திருக்கவேண்டும். அவர் இறக்கைகளை இருபுறமும் ஆட்டினால், கிளைடர் உடனே பிரியவேண்டும் என்பது பொருள். இழுவை விமானம் பார்வையிலிருந்து மறைந்தால், கிளைடர் விமானி சைகைக்குக் காத்திராமல் கயிற்றை விட்டுவிடவேண்டும்.

எந்த நிலையில் கயிற்றை விடுவிப்பது என்பதை இழுவை விமானி புறப்படும் முன்பே முடிவு செய்யவேண்டும்; கைப்பிடியைப் பார்க்காமலே தொட்டுப் பழகவேண்டும். வானில் சிந்திக்க நேரமில்லை. தரையில் நிறைய உண்டு.