கைபேசிக் கட்டணமும் கூட்டுறவு அங்கத்தினரும்

மூலனூர் வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்த நாள் அது. பிற்பகலில் காரியதரிசி திடீரென்று நாற்காலியை விட்டு எழுந்து, கைபேசியை உயரப் பிடித்தவண்ணம் வாயிற்படிக்குப் போய் நின்றார். கணினியில் ஏற்ற வேண்டிய கணக்கு ஒன்று பாதியில் நின்றுவிட்டது. கம்பி வழி இணைப்பு காலையிலிருந்தே வேலை செய்யாததால், தம் சொந்தக் கைபேசியின் டேட்டாவைக் கொண்டு அவர் சங்கத்தின் காரியத்தை நடத்திக்கொண்டிருந்தார். “இந்தப் படிக்கட்டுல நின்னா ரெண்டு கோடு வருமுங்க” என்றார். அவர் பணம் கட்டியிருந்ததோ, ‘அன்லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட திட்டத்துக்கு.

தவணை செலுத்த வந்து காத்திருந்த முருங்கை விவசாயி ஒருவர் இதைக் கண்டு சிரித்தார். “நான் மூணு நம்பர் வெச்சிருக்கறனுங்க சார். ஊட்டுல ஒண்ணு எடுக்கும், காட்டுல ஒண்ணு எடுக்கும், தாராபுரம் போனாத்தான் மூணாவது எடுக்கும். மூணுக்கும் பணம் கட்டோணுமுங்க.”

இவ்விருவருடைய நிலையும் நம் அங்கத்தினர் பெரும்பாலோருடைய நிலையே. வட்டியில்லாப் பயிர்க்கடனின் சலுகையை இழக்கலாகாது என்று தவணை தேதி தவறாமல் கட்டுகிறவர்கள் நாம். நூல் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் சங்கத்துக்கு வந்து காரணம் கேட்கிறவர்கள் நாம். ஆனால் ரீசார்ஜ் கடையில் மட்டும், கடைக்காரர் சொல்லும் தொகையை மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். கைபேசி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி சென்ற வாரம் என்ன விலைக்குப் போயிற்று என்பதும், முருங்கை இன்று பறிக்கத் தகுமா, இரண்டு நாள் விடலாமா என்பதும், வியாபாரி கேட்ட சேலையின் கரை நிறம் எது என்பதும் அதன் வழியாகவே தெரியவருகின்றன. ஆகையால் அதன் செலவையும் விதை, உரம், நூல் செலவுகளைப்போலத் தொழிற்செலவாகவே கருதிக் கணக்குப் பார்ப்பது நியாயம்.

நம் நாட்டில் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நடைபெற்றது. கல்கத்தாவிலிருந்து அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். பேசுகிறவரும் பணம் கட்ட வேண்டும், கேட்கிறவரும் கட்ட வேண்டும் என்றிருந்த காலம் அது. 2003-இல்தான் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கிற்று. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ கம்பெனி சேவையைத் தொடங்கிச் சில மாத காலம் டேட்டாவை இலவசமாகவே வழங்கியது. அதன் பின்னரே ‘டேட்டா என்பது காற்றைப்போல’ என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியது. காற்றுக்கு விலை ஏறாது. இதற்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. தினம் 1.5 ஜி.பி. தரும் 28 நாள் திட்டத்துக்கு அதே கம்பெனி 2021 நவம்பர் வரை வாங்கியது ரூ. 199. பின்னர் அது ரூ. 239 ஆயிற்று. 2024 ஜூலையில் ரூ. 299 ஆயிற்று. அதே மாதத்தில் அதே அளவுக்கு ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்த விலை ரூ. 349. கீழே நான் போடும் கணக்குகள் யாவும் இந்த 2024 ஜூலை விகிதங்களை வைத்துப் போட்டவை. விகிதங்கள் மாறக்கூடியவை, கணக்குப் போடும் முறை மாறாது.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, 28 நாள் ஒரு மாதம் ஆகாது என்பது. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். ஆனால் 28 நாள் திட்டத்துக்கு ஆண்டில் பதின்மூன்று தடவை பணம் கட்ட வேண்டும். ரூ. 299-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் ரூ. 3,887. ஒரு வீட்டில் மூன்று கைபேசி இருக்குமாயின் ரூ. 11,661. இந்தத் தொகையை ஒரு சங்கத்தின் திண்ணையில் அமர்ந்து நான் உரக்கக் கூறியபோது, தறிக்காரர் ஒருவர் நம்பாமல் தாமே காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். சிறுகச் சிறுகப் போவதால் கண்ணுக்குப் புலப்படாத செலவு இது.

இதற்கு ஓரளவு பரிகாரம் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ‘டிராய்’, 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் கெடுவுள்ள திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். மேலும், 84 நாள் திட்டங்களில் நாளொன்றுக்கு விழும் விலை குறைவு. ஜியோவின் தினம் 1.5 ஜி.பி. திட்டம் 84 நாளைக்கு ரூ. 799, இந்த விகிதத்தில் 364 நாளைக்கு ஏறத்தாழ ரூ. 3,462 ஆகும். 28 நாள் திட்டத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் ரூ. 425. ஏர்டெல்லில் அதே அளவுக்கு 84 நாளைக்கு ரூ. 859, ஆண்டுக் கணக்கில் மிச்சம் ரூ. 800-க்கும் மேல். ஆனால் கைமுதல் வேண்டுமே! வாரக் கூலியில் குடும்பம் நடத்துகிற நெசவாளியிடம் ‘ஒரே தடவையில் எண்ணூறு ரூபாய் கட்டு, மிச்சமாகும்’ என்று கூறுவது எளிது. கையில் முதல் இல்லாதவன் அதிக விலை கொடுக்கிறான் என்பது நூல் வாங்குவதிலும் உண்டு, இதிலும் உண்டு. இந்நிலையைப் போக்கவே சங்கங்கள் ஏற்பட்டன. சங்கத்தின் சிக்கனச் சேமிப்பில் வாரம் பத்து ரூபாயை இதற்கென்று ஒதுக்கினால், பன்னிரண்டு வாரத்தில் ரூ. 120 சேர்கிறது. முழுத் தொகை ஆகாவிட்டாலும் மாற்றுத் திட்டத்துக்குத் தாவ அது கைகொடுக்கும்.

அடுத்தது, டேட்டாவே வேண்டாதவர்கள் விஷயம். பொத்தான் வைத்த சிறு கைபேசியோடு தறியில் அமரும் முதியவர்கள் நம்மில் பலர். இவர்கள் நெடுங்காலம் உபயோகிக்காத டேட்டாவுக்கும் சேர்த்தே பணம் கட்டி வந்தார்கள். 2024 டிசம்பரில் ‘டிராய்’ கொண்டுவந்த திருத்தத்தின்படி, பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமான திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்தாக வேண்டும். 2025 ஜனவரியில் இவ்வகையில் 84 நாளைக்கு ஜியோ ரூ. 448-க்கும், ஏர்டெல் ரூ. 469-க்கும் திட்டங்களை வெளியிட்டன. பாங்கியிலிருந்து பணம் வந்த செய்திக்கும் டேட்டா தேவையில்லை. அது குறுஞ்செய்தியாகவே வரும். வீட்டில் மூன்று கைபேசி இருந்தால் மூன்றுக்கும் ஒரே திட்டம் போடுவது நம்மவர் வழக்கம். தாத்தாவுக்கு வேண்டியது வேறு, கல்லூரி செல்லும் பேத்திக்கு வேண்டியது வேறு.

இனி ‘அன்லிமிடெட்’ என்னும் சொல்லுக்கு வருவோம். பேசுவதைப் பொறுத்தவரை அச்சொல் பெரும்பாலும் மெய்யே. டேட்டாவைப் பொறுத்தவரையோ, தினம் இத்தனை ஜி.பி. என்ற அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துபோகாது, ஆனால் மிகவும் மெதுவாக ஊர்ந்து செல்லும் என்பதே அதன் பொருள். பல திட்டங்களில் அந்த வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். இது எவ்வளவு என்று அறிய ஒரு சிறு கணக்கு போதும். எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதுபோல எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக 64 கிலோபிட் என்பது விநாடிக்கு எட்டு கிலோபைட். சேலையின் முந்தானையைப் படம் எடுத்தால் இரண்டு எம்.பி. வரும் என்று வைத்துக்கொண்டால், அதை முழு அளவில் அனுப்ப 250 விநாடி, அதாவது நான்கு நிமிஷத்துக்கு மேல் ஆகும். வியாபாரி அதுவரை காத்திருப்பாரா என்பது வேறு விஷயம். 5ஜி வரம்பின்றித் தருவதாகக் கூறும் விளம்பரத்திலும் நிபந்தனை உண்டு. 2024 ஜூலை மாற்றத்தின்போது, தினம் 2 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட திட்டத்துக்கே அச்சலுகை என்று ஜியோவும் ஏர்டெல்லும் வரையறுத்தன. அத்துடன் 5ஜி ஏற்கும் கைபேசியும் வேண்டும். நிற்கிற இடத்தில் அந்த சிக்னலும் வேண்டும்.

அளவு வேறு, வேகம் வேறு என்பதை விவசாயிகளுக்கு விளக்கத் தேவையில்லை. கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது ஒன்று. மோட்டார் நிமிஷத்துக்கு எவ்வளவு இறைக்கிறது என்பது மற்றொன்று. வேகத்தை ‘எம்.பி.பி.எஸ்.’ என்று குறிக்கிறார்கள். வைத்தியப் பட்டத்தை நினைத்து மயங்க வேண்டாம். இது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதன் சுருக்கம். அகலக்கற்றை என்று சொல்லிக்கொள்ள விநாடிக்கு 2 மெகாபிட்டேனும் வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்தது. சந்தை விலை பார்க்க, படம் அனுப்ப, பணம் செலுத்த அவ்வளவே தாராளம். விளம்பரங்களில் காணும் நூற்றுக்கணக்கான மெகாபிட் வேகம் நம் தொழிலுக்கு வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது குறைந்த வேகமாயினும் அறுபடாத இணைப்பு.

அது ஏன் அறுபடுகிறது? டவருக்குத் தொலைவு முதற்காரணம். உயர்ந்த அலைவரிசை வேகம் கொடுக்கும், தூரம் செல்லாது. தாழ்ந்த அலைவரிசை தூரம் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். வீடுகள் நெருங்கிய திருப்பூருக்கு ஏற்றது, தோட்டத்துக்கொரு வீடாகச் சிதறிக் கிடக்கும் மூலனூர்ப் பகுதிக்கு ஏற்றதாகாது. இரண்டாவது, தகரக் கூரை. உலோகத் தகடு அலையைத் திருப்பிவிடும். விசைத்தறிக் கொட்டகைக்குள் எடுக்காத கைபேசி வாசலுக்கு வந்ததும் எடுப்பது இதனால்தான். மூன்றாவது, நெரிசல். ஒரு டவரின் சக்தியை அங்குள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்வதால் இரவு எட்டு மணிக்கு வேகம் தாழ்கிறது. இவை ஊருக்கு ஊர், கொட்டகைக்குக் கொட்டகை மாறுபடும். எனவே ‘எந்தக் கம்பெனி நல்லதுங்க?’ என்று என்னைக் கேட்பவர்களுக்கு, ‘நீங்கள் எங்கே நின்று பேசுகிறீர்கள்?’ என்றே திருப்பிக் கேட்கிறேன்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். முன்பு பணிபுரிந்த ஊரில் எனக்கு நன்றாக எடுத்த கம்பெனி ஒன்றுக்கு, நாள் விலை குறைவென்று கண்டு, ஓராண்டுத் தொகையை ஒரே தடவையில் கட்டினேன். இரண்டாம் மாதம் இப்பக்கம் மாற்றலாயிற்று. நான் செல்ல வேண்டிய கிராமங்களில் பாதியில் அந்தச் சிம் ஊமையாயிற்று. வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்றினால் மீதித் தொகை உடன் வராது. கணக்கு ஆய்வாளனே கணக்குத் தப்பினான் என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

ஆகவே முதலில் சோதனை, பிறகே பணம். பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், கூலியாள் என்று வெவ்வேறு கம்பெனி சிம் உள்ளவர்களை அழைத்து, தறிக் கொட்டகையிலும் காட்டிலும் நின்று பார்க்கலாம். ‘டிராய்’ வெளியிட்டுள்ள ‘மைஸ்பீட்’ என்னும் செயலியில் வேகத்தை அளக்கலாம். காலை, நடுப்பகல், இரவு என மூன்று வேளை அளப்பது நலம். இறங்கும் வேகத்தோடு ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். படமும் கணக்கும் அனுப்புகிறவர்களுக்குப் பின்னதே முக்கியம். எங்கெங்கே சேவை உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. வரைபடத்தைப் பாருங்கள், ஆனால் அது உங்கள் தகரக் கூரையை அறியாது. அரசுடைமையான பி.எஸ்.என்.எல். 2024 ஜூலையில் விலை ஏற்றவில்லை. அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று சுமார் 97,500 டவர்களுடன் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. விலை மலிவைக் கருதி அதற்கு மாற விரும்புவோரும், தம் ஊர் டவர் 4ஜி ஆகிவிட்டதா என்பதை மேற்கூறியவாறே சோதித்துக்கொள்ள வேண்டும்.

எண் மாறாமலே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உண்டு. இப்போதைய கம்பெனியில் 90 நாள் கழிந்திருக்க வேண்டும். ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டுத் தம் எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஓர் அடையாளக் குறி வரும். அது நமக்கு நான்கு நாள் செல்லும். மீதி நாள் தீரும் தறுவாயில் செய்தால் பணம் வீணாகாது. சேவைக் குறைபாடு இருப்பின் 198-க்குப் புகார் கூறிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். தீராவிடில் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.

தொடக்கத்தில் கூறிய சங்கத்துக்கு மறுபடியும் செல்வோம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அரசு ரூ. 2,516 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கணக்கு கணினியில் ஏறுவது நல்லதே. ஆனால் அதற்குரிய இணைப்பின் பளு காரியதரிசியின் சொந்தச் சட்டைப்பையில் விழுவது முறையன்று. நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, சங்கத்தின் பெயரில் தனிச் சிம் ஒன்று வாங்கி, ரசீதைச் செலவுச்சீட்டோடு இணைத்தால் தணிக்கையில் நான் ஆட்சேபிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதோடு, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றையும் சங்க மேஜைமீது வைக்கச் செய்தோம். ஊர், இடம், கம்பெனி, வேளை, வேகம், பேச்சு தெளிவா, கட்டிய தொகை, கெடு நாள் என்று எட்டுப் பத்திகள். வருகிற அங்கத்தினர் தாம் அளந்ததை எழுதிவிட்டுப் போகிறார்கள். மூன்று நம்பர் வைத்திருந்த விவசாயி ஒருவாரம் கழித்து வந்து முதல் பக்கத்தைப் பார்த்தார். அவருடைய காட்டுக்கு அடுத்த காட்டுக்காரர், வீட்டிலும் காட்டிலும் ஒரே சிம் எடுக்கிறது என்று எழுதியிருந்தார். “இத்தன நாளா பக்கத்துக் காட்டுல கேக்காம போயிட்டனுங்களே” என்று சொல்லி, பெயரைக் குறித்துக்கொண்டு போனார். இப்போது அவரிடம் இரண்டு நம்பர்தான் இருக்கிறது. இரண்டாவதையும் விடலாமா என்று, முருங்கைப் பறிப்பு முடிந்ததும் தாராபுரத்தில் வைத்துச் சோதிக்கப் போகிறாராம்.