கணக்கெடுப்பாளரிடம் நாம் சொல்லும் பதில்

இப்போதெல்லாம் மாதத்தின் நடுவில் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாட்டின் வேலையின்மை விகிதத்தை வெளியிடுகிறது. முதல் மாதக் கணக்கு 2025 மே 15-ந் தேதி வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்துக்கு 5.1 சதவீதம் என்று அதில் கண்டிருந்தது. இதைப் பத்திரிகையில் படித்த நம் வணிக நண்பர்கள் சிலர், "நூற்றுக்கு ஐந்து பேர்தானா? நம் ஓசூரில் கம்பெனி வாசல்களில் காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்பது தெரிந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். அதோடு, கடைக்காரர் குடும்பங்களாகிய நாம் அந்தக் கணக்கில் எப்படி ஏறுகிறோம் என்பதும் விளங்கும். இக்கட்டுரையை எழுதுவது முக்கியமாக இதற்காகத்தான்.

நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-ல் பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் தொடங்கியது. வேலைவாய்ப்பு பற்றிய பெரிய கணக்கெடுப்பை 1972-73 முதல் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துவந்தார்கள். ஐந்தாண்டு என்பது நமக்கே நீண்ட காலம். அதற்குள் ஒரு கடை திறந்து மூடியும் விடும். அதனால் 2017 ஏப்ரல் முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று ஆண்டு முழுவதும் நடத்துகிறார்கள். 2025 ஜனவரியில் இதையும் விரிவாக்கி, மாதந்தோறும் விவரம் வரும்படி செய்துவிட்டார்கள்.

எல்லா வீட்டுக்கும் போக முடியாது. நாம் துவரம்பருப்பு லாட் வாங்கும்போது எல்லா மூட்டையையும் கொட்டிப் பார்ப்பதில்லை. அங்கங்கே குத்தூசியால் குத்தி மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். மேல் அடுக்கை மட்டும் குத்துகிறவன் ஏமாந்துபோவான். அடியிலும் ஓரத்திலும் குத்த வேண்டும். அவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நாடு முழுவதும் 22,692 கிராமங்களும் நகர்ப்புறப் பகுதிகளும் தேர்வாகின்றன. அந்தந்த இடத்தில் வீடுகளைப் பட்டியலிட்டு, பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துப் பிரித்து, 12 குடும்பங்களை எடுக்கிறார்கள். மொத்தம் 2,72,304 குடும்பங்கள். முன்பு ஓர் இடத்துக்கு 8 குடும்பம்தான் எடுத்தார்கள். நாட்டுக்கு இது போதுமான மாதிரி. மாதம் வரும் அந்த ஓர் எண்ணைக் கொண்டு ஓசூர் நிலவரத்தையோ கிருஷ்ணகிரி நிலவரத்தையோ சொல்லிவிட முடியாது.

இனி, வேலை என்றால் என்ன என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலைப் பார்ப்போம். மாதக் கணக்கில் கேட்பது கடந்த 7 நாட்களைப் பற்றி மட்டும். அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் உள்ளவர். லாரி வந்த அன்று மட்டும் மூட்டை இறக்கிவிட்டு மற்ற ஆறு நாளும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரும் வேலையில் உள்ளவரே. ஒரு மணி நேரம்கூட வேலை கிடைக்காமல், வேலை தேடியவரோ கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தவரோதான் வேலையில்லாதவர். தேடவும் இல்லை, செய்ய விருப்பமும் இல்லை என்றால் அவர் இரண்டிலும் சேரமாட்டார். 5.1 சதவீதம் என்பது வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த தொகையில்தான். ஊர் ஜனத்தொகை முழுவதிலும் அல்ல. ஒரு மணி நேர அளவு நம் அரசு தானாகக் கண்டுபிடித்ததும் இல்லை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழக்கம் அது. ஆனாலும் நம்மைக் கேட்டால், மூட்டை இறக்கியவரின் அந்த ஒரு நாள் கூலியை நம்பி யாரும் ஒரு மாதச் சாமான் கடன் கொடுக்கமாட்டோம்.

இன்னொரு அளவும் உண்டு. கடந்த 365 நாட்களைக் கேட்டு, அதிக நாள் என்ன செய்தார் என்று பார்ப்பது. அதோடு 30 நாளோ அதற்கு மேலோ வேறு வேலை செய்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசனில் நாற்பத்தைந்து நாள் வேலை செய்துவிட்டு, மீதி நாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக் கணக்கில் அவர் வேலை செய்பவர். வாரக் கணக்கில், ஜூன் மாதம் கேட்டால் வேலை செய்பவர். ஜனவரியில் கேட்டால், வேலை தேடாதவராக இருந்தால், கணக்கிலேயே இல்லை. 2023-24-ல் ஆண்டு அளவுப்படி வேலையின்மை 3.2 சதவீதம், வார அளவுப்படி 4.9 சதவீதம். மக்கள் ஒன்றுதான், அளக்கும் படி வேறு. ஆகவே செய்தியில் எண் வரும்போது எந்த அளவு என்று பார்க்காமல், போன ஆண்டோடு ஒப்பிட்டுப் பேசக் கூடாது.

நம் எல்லைப் பகுதிக்கென்று சில விசேஷங்கள் இருக்கின்றன. ஆளை அவர் குடியிருக்கும் இடத்தில்தான் எண்ணுகிறார்கள். ஜூஜூவாடியில் குடியிருந்து பொம்மசந்திராவில் வேலை செய்பவர் தமிழ்நாட்டுக் கணக்கு. அத்திப்பள்ளியில் குடியிருந்து நம் சிப்காட்டுக்கு வந்துபோகிறவர் கர்நாடகக் கணக்கு. அரிசி பருப்பு வாங்குவதும் பெரும்பாலும் குடியிருக்கும் இடத்தில்தான் என்பதால், மளிகை வியாபாரத்துக்கு இந்த முறை பொருத்தமே. குடும்பம் என்பதும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் என்றுதான் பொருள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேராகப் பொங்கித் தின்னும் பையன்கள், ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்குபவர்களானால், இங்கே ஒரு குடும்பம். விடுதியில் தங்கி ஆலைக்குப் போகும் பெண்களில், வரவு செலவைச் சேர்த்து வைத்துக்கொள்ளாத ஒவ்வொருவரும் தனித்தனிக் குடும்பம்.

சம்பளக்காரர் என்ற தலைப்பிலும் கவனம் வேண்டும். ஒழுங்காகச் சம்பளம் வருபவர் என்பதுதான் அங்கே அளவு. நிரந்தரமா, கான்ட்ராக்டா என்பது வேறு கேள்வி. எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா, சம்பளத்துடன் விடுமுறை உண்டா, பி.எப். உண்டா என்று தனியாகக் கேட்கிறார்கள். சம்பளக்காரர்கள் பெருகிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், கம்பெனி நிரந்தர ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்று எண்ணி நோட்டுக் கணக்கை நீட்டிவிட வேண்டாம்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். வருமானத்தை மூன்று விதமாகக் கேட்கிறார்கள். சம்பளக்காரரிடம் போன காலண்டர் மாதத்துச் சம்பளம். தினக்கூலியிடம் அந்த ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் வாங்கிய கூலி. சொந்தத் தொழில் செய்பவரிடம் கடைசி 30 நாள் வருமானம். இந்த மூன்றாவதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். சிலர் கல்லாவில் விழுந்த மொத்தத்தையும் சொல்லிவிடுகிறார்கள். சிலர் வரி இலாகா ஆள் என்று பயந்து, ஒன்றுமே நிற்கவில்லை என்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு சிறு மளிகைக் கடை. முப்பது நாள் விற்பனை ரூ.2,40,000. விற்ற சரக்கின் கொள்முதல் ரூ.2,08,000. வாடகை ரூ.7,000, மின்கட்டணம் ரூ.1,500, வண்டி வாடகை ரூ.2,500. நிற்பது ரூ.21,000. சொல்ல வேண்டிய தொகை இதுதான். இப்போது அந்தக் கடையில் உழைப்பது யார் என்று பாருங்கள். காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்குபவர் முதலாளி. பதினொன்று முதல் நாலு வரை கல்லாவில் அமர்பவர் அவர் மனைவி. கல்லூரி படித்து முடித்த மகன் டெலிவரிக்குப் போகிறான். மூன்று பேர் உழைப்பின் ரூ.21,000 ஒருவர் பெயரில்தான் ஏறுகிறது. ஊதியம் இல்லாமல் குடும்பத் தொழிலில் உதவுபவருக்கு வருமானப் பதிவு கிடையாது. ஆகவே, சொந்தத் தொழில் செய்பவரின் சராசரி வருமானம் என்று வெளியாகும் தொகையைச் சம்பளக்காரரின் சராசரியோடு அப்படியே நிறுத்துப் பார்ப்பது சரியாகாது. ஒன்று ஒருவர் உழைப்பு, மற்றது பல வீடுகளில் இரண்டு மூன்று பேர் உழைப்பு.

வருமானம் ஏறாவிட்டாலும் அந்த அம்மாள் வேலை செய்பவராக ஏற முடியும். குடும்பத் தொழிலில் உதவுபவர் என்று அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2023-24 கணக்கில் நாட்டில் வேலை செய்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சொந்தத் தொழிலைச் சார்ந்தவர்கள்; அதில் 19.4 சதவீதம் பேர் இந்த உதவுபவர்கள். ஆனால் கணக்கெடுப்பாளர் வீட்டில் வந்து, "உங்கள் வீட்டம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல், "வீட்டில்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிடுகிறோம். நாள்தோறும் ஐந்து மணி நேரம் கல்லாவைப் பார்ப்பவர் அந்த ஒரு வார்த்தையில் வேலையற்றவராகக்கூட இல்லாமல், கணக்குக்கே வெளியே போய்விடுகிறார். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்போரும் தேடுவோரும் 2017-18-ல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-ல் 41.7 சதவீதமாகியிருக்கிறது. இந்த ஏற்றத்தில் எவ்வளவு புதிய வேலை, எவ்வளவு முன்பு சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னது என்று பொருளாதார நிபுணர்களே விவாதிக்கிறார்கள். நம் கடைகளைப் பார்க்கும்போது இரண்டாவதிலும் விஷயம் இருப்பதாகவே எங்களுக்குப் படுகிறது.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2008-ம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, சேகரித்த விவரம் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே. பெயரைச் சேர்த்து வெளியிடக் கூடாது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. கடையையே கணக்கெடுக்க வேறு ஒரு கணக்கெடுப்பும் நடக்கிறது. இது வீட்டுக்கு வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புதிய முறையில் ஒரு குடும்பத்துக்கு அடுத்தடுத்து நான்கு மாதம் வருவார்கள். "போன மாதம்தான் சொன்னோமே" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கேட்பது அந்தந்த ஏழு நாள் நிலவரம். ஏழு நாளில் சாவு வீட்டுக்குப் போய்க் கடை அடைத்திருந்தாலும் நீங்கள் வேலையில் உள்ளவர்தான், காரணத்தை மட்டும் சொன்னால் போதும். தீபாவளி முடிந்து பத்தாம் நாள் வந்தால் அந்த 30 நாள் வருமானம் வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதை மற்ற மாதங்களோடு சராசரி போட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் கணக்கெடுக்கப்படும் கடைக்காரரும் ஒருவர் இருப்பார்.