எல்லோருக்கும் திறந்திருக்கும் இசட் டிரைவ்

பத்துப் பேர், இருபது பேர் வேலை பார்க்கும் அலுவலகங்களில் மேசைக்கடியில் ஒரு சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளவுடுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கவலை அங்கேயும் கூடவே வரும். எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்பதை முதலாளிகள் உட்கார்ந்து முடிவு செய்வதே இல்லை.

விண்டோஸ் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003 வந்தபோது அலுவலக சர்வரை அமைத்து நடத்தும் வேலை எவ்வளவோ சுலபமானது. ஃபைல் ஷேரிங், மெயிலுக்கு எக்ஸ்சேஞ்ச், அலுவலகத்துக்குள் மட்டும் தெரியும் இணையதளம், ஃபேக்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில். 75 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, இன்னொரு டொமைனோடு டிரஸ்ட் வைக்க முடியாது. சிறிய கம்பெனிக்கு அதெல்லாம் குறையே இல்லை. புதுக் கம்ப்யூட்டரை இணைக்க, அதன் பிரவுசரில் சர்வர் பெயரை அடித்து, சாய்கோடு போட்டு 'கனெக்ட்கம்ப்யூட்டர்' என்று அடித்தால் மீதியை விஸார்டு பார்த்துக்கொள்ளும். புதிதாகச் சேரும் ஊழியருக்கு மெயில்பாக்ஸ், சொந்த ஃபோல்டர், எந்தெந்தக் குழுவில் இருப்பார் என்பது வரை ஒரே ஓட்டத்தில் அமைந்துவிடும். ரிமோட் வெப் வொர்க்பிளேஸ் வழியாக, வெளியூரில் இருக்கும் முதலாளி பிரவுசரிலேயே தன் மேசைக் கம்ப்யூட்டரை இயக்கலாம்.

இவ்வளவு வசதிக்கும் அடியில் இருப்பது பர்மிஷன். அது இரண்டு அடுக்கு: ஷேரில் கொடுப்பது ஒன்று, டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் கொடுப்பது இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். சர்வரிலேயே உட்கார்ந்து லாகின் செய்பவரை ஷேர் பர்மிஷன் தடுக்காது. சர்வர் 2003-க்கு முன்பெல்லாம் புது ஷேர் உருவானதும் 'எவ்ரிஒன்' குழுவுக்கு ஃபுல் கன்ட்ரோல் தானாகவே கிடைத்தது. 2003-இல் அதை ரீட் என்று குறைத்தார்கள். மிக நல்ல மாற்றம்.

அதை நம் அலுவலகங்கள் காப்பாற்றவில்லை. "சார், ஃபைல் சேவ் ஆகலை" என்று பில்லிங்கிலிருந்து போன் போனதும், வந்து பார்ப்பவர் எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார். அன்றைய அவசரம் தீர்ந்தது. டிக் மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது. டேலி டேட்டா ஃபோல்டரில் எழுதும் உரிமை பில் போடுகிறவர்களுக்கு வேண்டும், சரி. அதற்காகச் சம்பளப் பட்டியலும் வங்கிக் கடிதங்களும் எல்லோர் கம்ப்யூட்டரிலும் தெரியும் அதே இசட் டிரைவில், எல்லோரும் அழிக்கும்படி ஏன் கிடக்க வேண்டும்?

ரான்சம்வேர் வந்த பிறகு இது வெறும் ரகசியப் பிரச்சினையாக இல்லை. மெயிலில் வந்த இணைப்பை ஒரு குமாஸ்தா திறந்துவிட்டால், அவருடைய லாகினுக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை உண்டோ அங்கெல்லாம் அந்த நிரல் ஃபைல்களைப் பூட்டிவிடும். பேக்கப் டிஸ்க்கும் டிரைவாக மேப் ஆகியிருந்தால் அதுவும் போச்சு. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் இதைவிட மோசம். யாரும் எதையும் திறக்காமலே, பழைய ஷேரிங் நெறிமுறையான எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. ஸ்மால் பிசினஸ் சர்வரின் 2003 பதிப்புக்கான ஆதரவு 2015 ஜூலையிலும், இந்த வரிசையின் கடைசியான 2011 பதிப்புக்கு 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டது. அவற்றை இன்னும் ஓட்டுகிறவர்கள் உடனே மாற்றியாக வேண்டும்.

மாற்றும்போது பழைய டிக்குகளை அப்படியே காப்பி செய்யாதீர்கள். அக்கவுண்ட்ஸ், சேல்ஸ், ஸ்டோர்ஸ் என்று குழுக்கள் போட்டு, உரிமையைக் குழுவுக்குக் கொடுங்கள். ஆள் மாறினால் குழுவில் பெயரை மாற்றினால் போதும். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே முடக்குங்கள். ஒரு ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போனால் 'எஃபெக்டிவ் பர்மிஷன்ஸ்' என்றொரு டேப் இருக்கும். புதிய பதிப்புகளில் 'எஃபெக்டிவ் ஆக்சஸ்'. சம்பள ஃபோல்டரில் அதைத் திறந்து, பில்லிங் ஊழியர் ஒருவரின் பெயரை அடித்துப் பாருங்கள். பழைய பதிப்பில் அது என்டிஎஃப்எஸ் பக்கத்தை மட்டுமே காட்டும் என்பதால், ஷேரிங் டேபையும் தனியாகத் திறந்து பார்த்துவிட வேண்டும்.