குறைமாதக் குழந்தைகளின் பெற்றோரும் ஆறுதற்பணியும்

குறைமாதத்தில் பிறந்த சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கையில், அதன் பெற்றோரைச் சந்திக்கும் போதகர் பேச்சிழந்து நிற்பதுண்டு. அவர்களுடன் பேசத் தகுந்தவர்கள் அதே துன்பத்தைக் கடந்த பெற்றோரே.

1978-ஆம் ஆண்டு கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைத் தாய்மார் நாடிய மகப்பேற்று மருத்துவமனையொன்றில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றிலேயே பல சிசுக்கள் கிடத்தப்பட்டமையால் தொற்றுநோய் பரவியது. மருத்துவர் எட்கார் ரே, நிலைமை சீரான சிசுக்களைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்துவைக்கச் செய்தார். தாயின் உடற்சூடு அவற்றைக் காத்தது. கங்காரு முறை தோன்றியது இவ்வாறே.

நம் சிந்தனைக்குரியது அதன் மற்றொரு கூறு. வீடு திரும்பிய தாய்மார் குழந்தையைச் சுமந்தவாறே மறுபரிசோதனைக்கு வந்து, ஓர் அறையில் ஒருங்கே அமர்கின்றனர். புதிதாய் வந்தவள், சில வாரங்களுக்கு முன் தன்னைப்போல் கலங்கியவளின் குழந்தை எடை கூடியிருப்பதைக் கண்ணாரக் காண்கிறாள். நம்முடைய ஜெபத்தைவிட (இதை எழுதச் சற்றே கூச்சமாயிருக்கிறது) அக்காட்சி அவளை விரைவில் தேற்றுகிறது.

எனினும், "உங்கள் குழந்தையும் பிழைக்கும்" என்று எவரும் வாக்களிக்கலாகாது. 28 வாரத்தில் பிறந்த சிசுவின் நுரையீரல், 34 வாரத்தில் பிறந்ததன் நுரையீரலைப் போன்றதன்று. முதல் இரவை எவ்வாறு கழித்தோம், பாலைப் பீய்ச்சியெடுக்க எவ்வாறு கற்றோம், கருவியின் மணி ஒலித்தபோது யாரிடம் கேட்டோம் என்பவற்றைக் கூறினாற் போதும். குழந்தையை இழந்த பெற்றோர் பேச விரும்பின், அவர்களையும் விலக்கலாகாது.

செவிலியரின் இசைவுடன் இரு குடும்பத்தாரையும் அறிமுகப்படுத்தியபின், போதகர் சற்றுநேரம் வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்கட்டும்.