சைக்கிளைச் சாத்தி வைக்காதீர்கள்!

எங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் ரஷ்யா என்றதும் நினைவுக்கு வருவது நெய்வேலிதான். அங்கே முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்தது. 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-ல் ஓய்வும் பெற்றுவிட்டது. "அது ரஷ்யாக்காரன் கட்டிக் கொடுத்ததும்மா" என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ரஷ்யாவில் பிறந்த ஒரு சைக்கிள் வீராங்கனையின் கதை. நம் வீட்டுப் பெண்களுக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது.

அப்பாவுக்குத் தங்கம்

அவர் பெயர் ஓல்கா ஜபெலின்ஸ்கயா. 1980 மே 10-ந் தேதி லெனின்கிராடில் பிறந்தார். அப்பா செர்கேய் சுகோருசென்கோவ் பெரிய சைக்கிள் வீரர். மகள் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை; மாஸ்கோ ஒலிம்பிக்கில் 189 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில் அவர் தங்கம் வென்றார். அடுத்து வந்தவரைவிட ஏறத்தாழ மூன்று நிமிஷம் முன்னதாக!

அந்த ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சைக்கிள் பந்தயமே கிடையாது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதன்முதலாக அனுமதித்தார்கள். பெண்ணால் அவ்வளவு தூரம் மிதிக்க முடியுமா என்ற சந்தேகம் நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல, பார்த்தீர்களா?

முப்பதுக்குப் பிறகு

ஓல்கா தொழில்முறை வீராங்கனையானார். ஆனால் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது 32-வது வயதில்தான். 2012-ல் லண்டனில் 140 கிலோமீட்டர் பந்தயம். கொட்டுகிற மழை. கூட்டத்தை விட்டு விலகி முன்னேறிய நான்கு பேரில் அவரும் ஒருவர். ஒருத்திக்கு டயர் பஞ்சராக, மிச்சம் மூன்று பேர். நெதர்லாந்தின் மரியான் வோஸுக்குத் தங்கம், இங்கிலாந்தின் லிஸ்ஸி ஆர்மிட்ஸ்டெட்டுக்கு வெள்ளி, ஓல்காவுக்கு வெண்கலம்.

மூன்றே நாளில் இன்னொரு வெண்கலம்! இது தனித்தனியாக நேரம் பார்த்து ஓட்டும் பந்தயம். வீராணம் ஏரிக்கரையில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். கூட்டமாகப் போனால் முன்னால் போகிறவர் காற்றைத் தாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்குச் சிரமம் குறைவு. தனியாகப் போனால் காற்று முழுவதும் நம் நெஞ்சில்தான்.

அவர் வாழ்க்கையில் கறையும் உண்டு. 2014-ல் எடுத்த பரிசோதனையில் தடை செய்யப்பட்ட ஆக்டோபமைன் என்ற ஊக்கப் பொருள் தெரிந்தது. 18 மாதத் தடையை ஏற்றுக்கொண்டார். அதனால் 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் போக முடியுமா என்பதே கடைசி வரை இழுபறிதான். போனார், தனிநபர் நேரப் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். தங்கம் கைநழுவியது ஆறு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில். அப்போது வயது 36.

அவரை வென்றது யார் தெரியுமா? அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங். மறுநாள் அவருக்கு 43-வது பிறந்த நாள்! 2008-ல் தங்கம் வென்று, பிள்ளை பெற ஓய்வெடுத்து, திரும்பி வந்து 2012-லும் 2016-லும் தங்கம் வென்ற தாய். மூக்கில் ரத்தம் வழிய எல்லையைத் தொட்டு அழுத அம்மாவிடம், "ஜெயிச்சுட்டு ஏம்மா அழறே?" என்று ஐந்து வயது மகன் கேட்டானாம்.

ஓல்கா பிறகு உஸ்பெகிஸ்தானுக்காக ஓட்டத் தொடங்கி, 41 வயதில், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார்.

நம் வீட்டுச் சைக்கிள்

இதை என் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சுக்கா. இனிமேட்டு சைக்கிளா? பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றாள். அவள் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் திண்ணையோரம் துருப்பிடித்து நிற்கிறது. பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். எத்தனை வீட்டில் இந்தக் காட்சி! சிரிப்பவர்கள் நம் முழங்கால் வலிக்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்து வாங்கித் தரப் போவதில்லை.

பந்தயம் வேண்டாம், சகோதரிகளே. காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் போனாலே போதும். சில யோசனைகள்:

சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். சீட் தணிவாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

முதல் வாரம் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். பிறகு மெதுவாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிஷக் கணக்கு சரியாகிவிடும்.

மிதிக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

முந்தானை, துப்பட்டாவை இறுக்கிச் செருகுங்கள். செயின் கவர் இல்லாமல் ஓட்டாதீர்கள். காற்றும் பிரேக்கும் சரியா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.

இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் சைக்கிளை மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறாள். இரண்டு டயரும் ட்யூபும் மாற்ற வேண்டுமாம். "ஆகட்டும்க்கா, மாத்தியே புடறேன்" என்கிறாள். உங்கள் வீட்டுச் சைக்கிள் எப்படி இருக்கிறது? இன்றைக்கே ஒரு துணியை எடுத்துத் துடைத்துப் பாருங்களேன்!